ரிவர்ஸ் இல்லாத விமானம்

ரிங்லெட் டவுனில் அதுவரை விமானம் எதுவும் விழுந்ததில்லை. அந்தக் குறையைப் போக்கிவைத்தவன் நான்.

விழுந்தது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் பெருமைதான். ஷஹாபுதீன் பாய் கடை முனையில் இடப்பக்கம் திரும்பினேன். விமானம் தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது. எழும்பியது எங்கேயாவது இறங்கித்தானே ஆகவேண்டும்? பாய் வாசலில் போட்டிருந்த மேசைகளில் நடு மேசை அதற்குப் பிடித்துப்போனது. இறக்கை முதலில் கூடாரத் துணியைக் கிழித்தது. அப்புறம் மேசையைச் சாய்த்தது. மேசையில் இருந்த தே தாரிக் டீயும் ரொட்டி சானாய்க்கு ஊற்றிய பருப்புக் குழம்பும், அங்கே உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தவரின் வெள்ளைச் சட்டையில் பங்குபோட்டுக்கொண்டு இறங்கின.

"குணா! ஏரோப்ளேன் ஓட்ட லைசென்ஸ் இருக்கா ஒனக்கு?" என்று பாய் கல்லாவில் இருந்தே கத்தினார்.

"ஏத்துறதுக்கு இருக்கு பாய். எறக்குறதுக்குத்தான் இன்னும் எடுக்கல."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் மடியிலிருந்து ரொட்டியை எடுத்து, மெதுவாக, தட்டு இல்லாத பக்கத்து மேசையில் வைத்தார். முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு வாயிலேயே செத்தது. அவர் மார்லோ தேயிலைத் தோட்டத்து மேனேஜர் ரூபன். ரிங்லெட்டில் அன்று காலை யார்மீது வேண்டுமானாலும் நான் குழம்பைக் கொட்டியிருக்கலாம். கொட்டக்கூடாத ஒரே மனிதர் அவர்.

நான் ஓட்டியது உண்மையில் ஒரு பழைய ஜாகு மோட்டார் சைக்கிள். அதன் இடப்பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் சைட்கார். அந்தச் சைட்காருக்குத்தான் பழங்காலத்துச் சண்டை விமானத்தின் உருவம்: உருண்டை மூக்கு, மூக்கில் காற்றாடி, பின்னால் வால், இடது பக்கம் ஒரு குட்டை இறக்கை. வலது பக்கம் மோட்டார் இருப்பதால் அங்கே இறக்கைக்கு இடமில்லை. ஆக, வலது இறக்கை நான்தான்.

இப்படிப்பட்ட வண்டியில் ஒரு குணம் உண்டாம். பெட்டியில் ஆள் இல்லாமல் இடப்பக்கம் திரும்பினால் பெட்டி மேலே கிளம்பிவிடும். சைட்கார் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். நான் அதைச் செய்தவன் மட்டும்தான், ஓட்டியவன் இல்லை.

"இதுலயா அந்தம்மா பெரட்டுக்கு வரப்போறாங்க?" என்று கேட்டார் ரூபன். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவர் சாந்தமாகக் கேட்டார்.

"ஆள் ஒக்காந்தா தூக்காது சார். இன்னிக்கு காலியா இருந்துச்சி, அதான் கொஞ்சம் உற்சாகமாயிருச்சி."

"குணாளன், இந்த மோட்டார் என் தோட்டத்து பாலாங்க தாண்டி மேல வரக்கூடாது. கார்டுகிட்ட இன்னிக்கே சொல்லிர்றேன்."

பாலாங் என்றால் ரோட்டின் குறுக்கே போட்டிருக்கும் தடைக்கம்பம். எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்று மட்டுமே சொல்லிப் பழகிய அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு தீர்மானமான வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. வரவழைத்தது என் பருப்புக் குழம்பு.

அந்தம்மா என்று அவர் சொன்னது அம்சவல்லியை.

அம்சவல்லி மார்லோ தோட்டத்திலேயே பிறந்தவள். சின்ன வயதில் துரை பங்களாவில் வீட்டு வேலை, அப்புறம் கொழுந்தெடுப்பு, அப்புறம் மேட்டு மலையில் எடைக் கொட்டகை. கொழுந்து மூட்டைகள் வந்து இறங்கினால் நிறுத்துச் சொல்கிற வேலை. போன வருஷம் சர்க்கரை நோய் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பொய்க்கால் கொடுத்தார்கள். டவுன் சிமெண்டுத் தரையில் அது நன்றாகத்தான் நடந்தது. தோட்டத்து மேட்டில், மழைச் சேற்றில், கால் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் போனார்கள். அதை மூலையில் சாத்திவிட்டுக் கம்பு வைத்துக்கொண்டாள்.

லயத்து வீடு, தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடு, வேலை செய்கிறவர்களுக்குத்தான். வேலை இல்லையென்றால், இன்றோ நாளையோ, வீட்டைக் காலி செய்யவேண்டும். ஈப்போவில் இருக்கும் அவளுடைய தம்பி புவனேஸ், தன் பிளாட்டில் அடுப்படிக்குப் பின்னால் ஒரு அறையை ஒழித்து, பெயிண்டெல்லாம் அடித்து வைத்துவிட்டான். கெட்ட பிள்ளை இல்லை. வாரா வாரம் போன் செய்வான்.

"ஒத்தக் கால வெச்சிக்கிட்டு மலையில என்னா செய்யப் போறக்கா?"

"ஒனக்கு ரெண்டு காலு இருக்கு. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குற. நீ என்னா செய்யிறியோ அதத்தான்."

ஒரு வருஷமாக அவள் மேனேஜரிடம் வேலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவர் பாப்போம் பாப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நாள் ஆபீசில், கணக்கெழுதும் ராஜு கிராணியை வைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரையும் போல நேரத்துக்கு பெரட்டுக்கு வந்து நில்லுங்கம்மா. நின்னீங்கன்னா எடைக் கொட்டகை ஒங்களுக்கு. அடுத்த திங்கக்கிழமை பாப்போம்."

பெரட்டு தெரியாதவர்களுக்காக: காலையில் மேட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். கிராணி பேர் கூப்பிடுவார். பதில் சொன்னவர்களுக்கு அன்றைக்கு வேலை உண்டு. கீழே லயத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அது பதிலாகாது, களத்தில் நிற்கவேண்டும். துரைமார்கள் போனார்கள், சங்கம் வந்தது, தமிழர்கள் பாதிப்பேர் டவுனுக்கு இறங்கி அந்த இடத்துக்கு வங்காளதேசத்துக்காரர்களும் நேபாளிகளும் வந்தார்கள். பெரட்டு மட்டும் அசையவில்லை.

லயத்திலிருந்து மேட்டுக் களத்துக்கு ஆட்களை ஏற்றிப்போக லோரி வரும். அதன் பின்பலகை என் நெஞ்சு உயரம், படி கிடையாது. தூக்கி விடுகிறோம் என்று பெண்கள் சொன்னார்கள். "மூட்டைய மாதிரி தூக்கிப் போட்டா கிராணியும் மூட்டைன்னுதான் எழுதிக்குவாரு" என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் என்னிடம் வந்தாள். நான் ரிங்லெட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் கெபுன்காரர்களின் தண்ணீர்ப் பம்பு, மருந்தடிக்கும் மெஷின், உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் லேண்ட் ரோவர்கள், இவைதான் என் நோயாளிகள். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தால் போதுமே என்று உற்சாகமாக, தகரத்தில், நாலு மூலையும் ஒழுங்காக ஒரு பெட்டி அடித்துக் காட்டினேன்.

அவள் அதைச் சுற்றி ஒரு தடவை கம்பு ஊன்றி வந்தாள்.

"மூடி எங்க?"

"மூடி எதுக்கு?"

"பொணப்பெட்டிக்கு மூடி வேணாமா?"

எனக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது. மாலை ஒன்று போட்டால் எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

"இங்க பாரு குணா. என்னைப் பாக்குறவன் மொதல்ல காலத்தான் பாக்குறான். அப்பறம் 'ஐயோ பாவம்'னு மூஞ்சப் பாக்குறான். இனிமே எவனும் அப்படிப் பாக்கக்கூடாது. நான் வந்தா வாயப் பொளந்துக்கிட்டு வேற எதையாச்சும் பாக்கணும்."

"தேர் செய்யவா?"

"ஏரோப்ளேன் செய்யி."

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. துரை பங்களாவின் மாடிப்படியருகில் ஒரு பழைய படம் மாட்டியிருக்குமாம். யுத்தத்துக்குப் போன ஏதோ ஒரு துரை தன் சண்டை விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கிற படம். "தெனம் தூசி தட்டுவேன். தொரை மூஞ்சி ஞாபகம் இல்ல. ஏரோப்ளேன் மூஞ்சி ஞாபகம் இருக்கு. வாயில பல்லு வரஞ்சிருக்கும். யாருக்கும் பயப்படாத மூஞ்சி."

பக்கத்துப் பள்ளத்தாக்கான லெம்பா பெர்த்தாமில் சேற்று வெள்ளத்தில் அமுங்கிப்போன லேண்ட் ரோவர் ஒன்று, அதன் சொந்தக்காரரான கெபுன்காரர் வீட்டுக்குப் பின்னால் இத்தனை வருஷமாகக் கிடந்தது. அந்த வண்டிகளுக்கு உடம்பு அலுமினியம், துருப்பிடிக்காது. எடுத்துக்கொண்டு போ, சனியன் ஒழிந்தது என்றார். அதை வெட்டி, தட்டி, வளைத்து விமானமாக்கினேன். காற்றாடி, கொழுந்து வெட்டும் மெஷினில் காற்று ஊதும் பாகத்தில் இருந்து வந்தது. இறக்கையில் போடவேண்டிய வட்டங்களைப் பெயிண்டு டின் மூடிகளை வைத்துப் போட்டேன். பச்சைப் பெயிண்டு மாரியம்மன் கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சியது. மூக்கில் சுறாப் பல் வரைந்தபோதுதான் என் சித்திரத் திறமை வெளிப்பட்டது. பயங்கரமாக இருக்கவேண்டிய வாய், ஷஹாபுதீன் பாய் புதுப் பல்செட்டு வாங்கி வந்த அன்று சிரித்த மாதிரி அமைந்துவிட்டது.

இவ்வளவு மெனக்கெட்டது வெறும் நட்புக்காக என்று சொன்னால் ரிங்லெட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அம்சவல்லியைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி நான் கேட்காத திருவிழா இல்லை. ஆனால் ஒரு தடவைகூட ஒழுங்காகக் கேட்டதில்லை. "அம்சா, ரெண்டு வீட்டுக்கு ரெண்டு கேஸ் தோம்பு எதுக்கு, ஒன்னா ஆக்கிருவமா?" என்பேன். "கேஸ் தீந்ததும் சொல்லி அனுப்புறேன்" என்பாள். "எனக்கு வயசாவுது அம்சா" என்பேன். "எனக்கு எறங்குதா?" என்பாள். புருஷன் செத்துப் பல வருஷமானவள், கல்யாணமே ஆகாமல் முடி நரைத்தவன். கேலியாகக் கேட்டேன், கேலியாகப் பதில் வந்தது. நேராகக் கேட்டால் நேராகப் பதில் வந்துவிடுமே என்கிற பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

அவள் ஈப்போவுக்குப் போய்விட்டால் கேலிக்கும் ஆளில்லை.

குழம்பு கொட்டிய அன்றே, வளைந்த இறக்கையோடு லயத்துக்குப் போனேன். லயமும் கோயிலும் பாலாங்குக்குக் கீழே இருப்பதால் அதுவரை போகத் தடையில்லை. நடந்ததைச் சொன்னேன். முடிந்த அளவு சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னேன். ரூபன் மடியிலிருந்து ரொட்டியை எடுத்த இடத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாலாங் விஷயம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"நாளைக்குப் போயி கால்ல விழுந்துர்றேன் அம்சா. தப்பு என்மேலதானே. ரெக்கைய நிமித்தி, பல்ல அழிச்சி, சாதாரணப் பொட்டியாக்கி..."

"நீ அவரு கால்ல விழுந்தா நான் இதுல ஏற மாட்டேன்."

"அப்ப என்னா செய்யிறது?"

"திங்கக்கிழமை விடியக்கால வா."

"பாலாங் போட்டிருப்பாங்க."

"போடட்டும்லா. அவரு என்னா சொன்னாரு? பெரட்டுக்கு வந்து நில்லுன்னாரு. நடந்து வா, பறந்து வான்னு ஏதும் சொன்னாரா?" வளைந்த இறக்கையின்மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். மேசையில் மோதியதில் அதன் நுனி மேல்நோக்கி மடங்கி, அவள் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. "இத நிமித்தாத. புடிச்சிக்கத் தோதா இருக்கு."

நான் செய்த வேலையில் அவள் பாராட்டிய ஒரே பாகம், நான் இடித்துக் கெடுத்த பாகம்.

திங்கட்கிழமை, விடிந்தும் விடியாத பனியில் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஒரு வேன் நின்றது. புவனேஸ் முன்னாலேயே வந்திருந்தான், அக்காளுக்கு வேலை கிடைக்கப்போவதில்லை என்று முடிவு செய்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு போக. அவன் கையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர, அவனுக்குப் பின்னால் அம்சவல்லி வந்தாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் போடும் தடித்த சட்டை, தலையில் துணிக்கட்டு, வலது காலில் ரப்பர் பூட்ஸ். பனிக்காற்றுக்கு இருக்கட்டும் என்று நான் கொடுத்திருந்த வெல்டிங் கண்ணாடி நெற்றியில்.

"அக்கா, என்னாக்கா கோலம் இது?"

"வேலைக்குப் போறேன். அடுப்புல சோறு இருக்கு, போட்டுத் தின்னு. அந்தப் பொட்டிய எடுத்த எடத்துல வெச்சிரு."

"கேளுக்கா..."

"நான் வர்றதுக்குள்ள வீட்ட காலி பண்ணி வெச்சே, ஒன்ன இந்த ஏரோப்ளேன்ல கட்டி ஈப்போவுக்கு அனுப்பிருவேன்."

இறக்கையைப் பிடித்தாள், ஒரு எம்பு எம்பினாள், உட்கார்ந்தாள். நான் கை நீட்டினேன். அந்தக் கையில் கம்பைக் கொடுத்து வாலில் கட்டச் சொன்னாள்.

கிளம்பினோம். வெளியே வந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் நுரையை விழுங்கிவிட்டார். காலைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

லயத்துக்கு மேலே ரோடு இடப்பக்கமாகச் சட்டென்று மடங்கும். கோண வளைவு என்போம். ரிங்லெட்டில் நடந்தது எனக்கு நினைவு வந்தது. திருப்பினேன். விமானம் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கோயில் மாடு மாதிரி அடக்கமாக வளைந்தது.

"தூக்கல அம்சா! ஒன் கனத்துக்கு அப்படியே ஒக்காந்துக்கிச்சி!"

"வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாரு."

வளைவுக்கு மேலே பாலாங். சிவப்பு வெள்ளைக் கம்பம் குறுக்கே கிடந்தது. காவலுக்கு இருந்த நேபாளிப் பையன் குருங், மூக்கில் இருந்த பல்லை ஒரு தடவை, அம்சவல்லியை ஒரு தடவை பார்த்துவிட்டு, மலாயில் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "தாக் போலே, போஸ். மேனேஜர் மாரா." முடியாது, மேனேஜர் கோபிப்பார். அவனுக்கும் வருத்தம்தான். அவன் முகத்தைப் பார்த்தால் நாங்கள் அவனுக்கு ஆறுதல் சொல்லவேண்டும் போல இருந்தது.

என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் அடித்தது. தோட்டத்து லோரி. பெரட்டுக்குப் போகிற ஆட்கள் முழுவதும் அதில். முன்சீட்டில் டிரைவர் தவ்ஃபீக், பக்கத்தில் பேர் கூப்பிடவேண்டிய ராஜு கிராணி.

அந்த இடத்தில் ரோடு ஒற்றை வண்டிக்குத்தான். இடப்பக்கம் மண் சுவர், வலப்பக்கம் தேயிலைச் சரிவு கிடுகிடுவென்று கீழே போகும்.

"அண்ணே! கொஞ்சம் பின்னால எடுண்ணே, வழி வேணும்!" என்று தவ்ஃபீக் தலையை நீட்டினான்.

"ரிவர்ஸ் இல்லடா!"

"என்னாது?"

"மோட்டாருக்கு ரிவர்ஸ் கியர் கெடையாது. எறக்கத்துல காலால தள்ளவும் முடியாது, சாஞ்சிரும்."

"ரிவர்ஸ் இல்லாம எவன்ணே வண்டி செய்வான்?"

"ஏரோப்ளேன்ல எங்கடா ரிவர்ஸ் இருக்கு?"

லோரியில் சிரிப்பு எழுந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை, காரணம் அது உண்மை. இவ்வளவு செய்தவன், பல் வரைந்தவன், பின்னால் போவதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தோட்டமே என் வாலுக்குப் பின்னால் நின்றது. மேலே களத்தில் மேனேஜரும் பனியும்தான் இருக்கும்.

இரண்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். நாலு பேர் பிடித்தால் பின்னால் தள்ளிவிடலாம் என்று ஒருவர் வாலில் கை வைத்தார்.

"கைய எடு," என்றாள் அம்சவல்லி.

சத்தமாகச் சொல்லவில்லை. அவர் எடுத்துவிட்டார்.

"இது பின்னால போவாது. நானும் போ மாட்டேன். யாராச்சும் தள்ளணும்னா முன்னால தள்ளுங்க."

லோரியின் மேலிருந்து சாந்தினி குதித்தாள். அம்சவல்லியோடு ஒரே வரிசையில் கொழுந்தெடுத்தவள், வாய் கொஞ்சம் நீளம். "அம்சாக்கா, முன்னால தள்ள நாங்க ரெடி! கம்பத்த என்னா செய்ய? மூக்குல இருக்கிற பல்லால கடிச்சிருமா?" அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் இறங்கினார்கள். வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்து காற்றாடியைச் சுற்றிப் பார்த்தார்கள். ராஜு கிராணி மட்டும் சீட்டை விட்டு அசையவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருங் வேறு வழியில்லாமல் மேனேஜருக்குப் போன் போட்டான். மலாயில் ஏதோ சொன்னான். கேட்டான். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். மறுமுனையில் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அம்சவல்லி கையை நீட்டினாள். "போன குடு தம்பி."

கொடுத்துவிட்டான்.

"தொரை, அம்சவல்லி பேசுறேன். பாலாங்கிட்ட இருக்கேன். எனக்குப் பின்னால லோரி நிக்கிது. ஒங்க பெரட்டு மொத்தமும் அதுலதான் இருக்கு. கிராணியும் இருக்காரு. கம்பத்தத் தூக்கச் சொன்னீங்கன்னா எல்லாரும் மேல வர்றோம். இல்லன்னா ஒன்னும் அவசரம் இல்ல, கிராணி இங்கயே பேர் கூப்புடட்டும், நாங்க இங்கயே பதில் சொல்றோம். இன்னிக்கு பெரட்டு இங்கதான்னு வெச்சிக்குவோம்."

போனில் ஏதோ சத்தம்.

"பாப்போம்னு மட்டும் சொல்லிராதீங்க தொரை. ஒரு வருசமா பாத்தாச்சி."

போனில் மறுபடி ஏதோ சத்தம், இந்தத் தடவை சின்னதாக. அவள் போனைக் குருங்கிடம் நீட்டினாள். அவன் காதில் வைத்தான், "ஓகே, போஸ்" என்றான், ஓடிப்போய்க் கம்பத்தைத் தூக்கினான். தூக்கியவன், பட்டாளத்துக்காரன் பேரனோ என்னவோ, விமானம் தாண்டும்போது விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். அம்சவல்லி கண்ணாடியை இறக்கிவிட்டு, பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்தாள். எனக்கு யாரும் வைக்கவில்லை. வலது இறக்கைக்கு யார் சல்யூட் வைப்பார்கள்?

மேட்டில் ஜாகு முனகியது. பெண்கள் சொன்னபடியே செய்தார்கள், வாலில் கை வைத்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். களத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது முன்னால் விமானம், பின்னால் ஆட்கள், அதற்கும் பின்னால் காலி லோரி.

ரூபன் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். புதுச் சட்டை. என்னைக் கண்டதும் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். அனுபவம்.

வரிசை நின்றது. ராஜு கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல், தமிழில், வங்காளத்தில், நேபாளியில். அம்சவல்லியின் பேர் வரிசையில் எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அசைந்தாள். வளைந்த இறக்கையைப் பிடித்தாள். நான் மோட்டாரை விட்டு இறங்கப் போனேன். அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தேன். வலது பூட்ஸை வெளியே வைத்தாள். உடம்பு ஒரு பக்கம் ஆடியது, இறக்கை கிறீச் என்றது, நான் அடித்த ஆணிகளை எல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கெஞ்சினேன். நின்றுவிட்டாள். கம்பு இன்னும் வாலிலேயே கட்டிக் கிடந்தது. அதைக் கேட்கவில்லை.

ராஜு கிராணி நிறுத்தினார். மேனேஜரைப் பார்த்தார். அப்புறம், மேனேஜர் முகத்தில் எழுத்து எதுவும் இல்லாததால், தானாகவே கூப்பிட்டார்.

"அம்சவல்லி."

"இருக்கேன்."

பனிக்குள் அந்தக் குரல் எதிர்மலை வரைக்கும் போய்விட்டு வந்தது.

ரூபன் நடந்து வந்தார். விமானத்தைச் சுற்றி வந்தார். சைட்கார் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஆள் ஒக்காந்தா நெசமாவே தூக்காதா?"

"கோண வளைவுலயே தூக்கல சார்."

"எழுதுங்க," என்றார் ராஜு கிராணியிடம். "எடைக் கொட்டகை." இரண்டடி போனவர் திரும்பி, "அந்தச் சட்டையில கறை போகவே இல்ல, குணாளன்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு வரும் பக்கத்தில்தான் எங்கேயோ இருந்தது.

எடைக் கொட்டகை களத்துக்குப் பக்கத்திலேயே. அவளை அதன் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். தராசுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தராசின் தட்டைச் சட்டைக் கையால் துடைத்தாள். அவள் போன பிறகு யாரும் துடைக்காத ஒரு வருஷத் தூசி. அங்கிருந்து பார்த்தால் கீழே லயம் தெரியும். பனி விலகியிருந்தது. வாசலில் நின்ற வேன் மெதுவாக வளைந்து, ரிங்லெட் பக்கம் இறங்கிப் போனது.

"சோறு தின்னானோ இல்லையோ," என்றாள்.

நான் போகவேண்டியவன். போகாமல் நின்றேன். ஒர்க்‌ஷாப்பில் மூன்று பம்புகள் காத்திருந்தன. வாயில் நாலு கேலி தயாராக இருந்தது, கேஸ் தோம்பும் இருந்தது, தராசை வைத்துப் புதிதாக ஒன்றுகூட இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். காலையில் பல் துலக்கியவர் நுரையை விழுங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அம்சா, ஒன்னு கேக்கணும். கிண்டல் இல்ல."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "கேளு."

"என்னைக் கட்டிக்கிறியா?"

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம், டின் மூடி வைத்துப் போட்ட மாதிரி. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாட்டேன் குணா."

நான் தலையாட்டினேன்.

"புடிக்காம இல்ல. நீ வராத நாள்ல எனக்குப் பொழுது போவாது. அது லயத்துல எல்லாருக்கும் தெரியும், ஒனக்கு மட்டும்தான் தெரியாது. ஆனா ஒருத்தனுக்குப் பொண்டாட்டியா இருந்து பாத்தாச்சி, போதும். அந்த வீடு என் வேலையில நிக்கிது. அது அப்படியே நிக்கட்டும்."

"சரி."

"நாளைக்கும் நேரத்தோட வா. கையால போடுற மாதிரி கியர் ஒன்னு செஞ்சி குடு. நான் ஓட்டக் கத்துக்கப் போறேன்."

"நீ ஓட்டுனா நான் எதுக்கு?"

"நீ ரெக்கைப் பக்கம் ஒக்காரு. ஆள் இல்லன்னா தூக்கிருமில்ல."